படுகளத்துக்குப் பிந்தி வருகிறவள்

காவேரிப்பட்டணம் தாண்டி, தென்பெண்ணைக் கரையோரம்
எட்டு டிராக்டர் ஏரிமண் கொட்டி
மல்லாக்கக் கிடத்தியிருக்கிறார்கள் என் புருஷனை.
நாற்பது முழம்.
மீசைக்குக் கரி, பல்லுக்குச் சுண்ணாம்பு.
தொடைக்குள் ஒரு பானை,
பானைக்குள் குங்குமத் தண்ணீர்.

பதினோரு மணிக்குப் பானை உடைந்தது.
அம்மன் கூந்தல் முடிந்தாள்.
குலவை, வேட்டு.
கூட்டம் பஸ் பார்க்கத் திரும்புகிறது.
அப்போதுதான் நான் வரவேண்டும்
முறமும் துடைப்பமுமாக.

பதினெட்டு நாள் கதைக்கும் நோட்டீஸில் தலைப்பு உண்டு.
பந்தல்காரன் மச்சான் பேர்கூட உபயத்தில் உண்டு.
என் பேர் இல்லை.
அரவக்கொடியான் பெண்டாட்டி, அவ்வளவுதான்.
மற்ற நாளில்
மாங்கூழ் பேக்டரியில் கொட்டை தள்ளுகிறவன்.

கொசுவம் வைத்துவிட்டவள் மாதம்மா.
ஊக்கைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்:
"எப்பிடி வருவே?"
அழுதுக்கிட்டே ஓடி வருவேன் என்றேன்.
"அழமாட்டா.
செத்தது நெசம்னு தெரியற வரைக்கும்
வையத்தான் வைவா."

வைதுகொண்டே வந்தேன்.
எந்திரிடா எருமை,
பொழுது உச்சிக்கு வந்தாச்சு,
ஊர்சனம் பார்க்க வேட்டி வெலகிக் கெடக்கிறியே என்று.
போனவர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள்.
தொடைக்கு வந்ததும் வசனம் நின்றுவிட்டது.

குங்குமத் தண்ணீர்தான்.
நேற்றுக் கரைத்ததே நான்.
ஆனாலும் முந்தானை தானாகப் போய் ஒற்றியது.

வாத்தியார் எழுதித் தராததைச் சொன்னேன்:
நீ கெட்டவன்.
சபை நடுவே ஒருத்தி சேலையில் கைவைக்கச் சொன்னவன்.
அவள் கோயில் வாசலிலேயே உனக்கு மாரடிக்கிறேன்.
ஆனால் ஒரு சாயங்காலம்
உன் சிநேகிதனோடு சொக்கட்டான் ஆடினேன்.
உன் காலடி கேட்டு எழுந்தேன்.
வாசலுக்கு முதுகு காட்டி இருந்தவன் அவன்;
தோற்கப் பயந்து ஓடுகிறேன் என்று இழுத்தான்.
மேகலை அறுந்தது. முத்தெல்லாம் உன் காலடியில்.
நீ குனிந்து பொறுக்கினாய்.
என் முகத்தில் எதையும் தேடவில்லை.

மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டார்.

போன மாம்பழ சீசனில்
மாதம்மா குளிக்கப் போன நேரம்
அவள் செல்போனைத் திறந்து பார்த்தவன் நான்.
லோடு ஏற்றும் சென்றாயனோடு ஏழு நிமிஷம்.
சீட்டுக் கணக்கு. அவன் பெண்சாதிக்குப் பிரசவம்.
வேறொன்றும் இல்லை.
அன்றிலிருந்து அவள் செல்போன்
டிவிப்பெட்டி மேல் கிடக்கிறது,
திரை மேலே பார்க்க, யாரும் எடுக்கலாம் என்பதுபோல.
ஏனென்று நான் கேட்கவில்லை.

ஒப்பாரி முடியுமுன்பே பையோடு வந்துவிட்டார்கள்.
தலைமண் குதிருக்கு.
மார்மண் மாட்டுக்கொட்டகைக்கு.
பிள்ளை வேண்டி ஒருத்தி இடுப்பில் தோண்டுகிறாள்.
இங்கே நான் துடைப்பத்தால் விரட்டுவது வழக்கம்,
அடிபட்டால் தோஷம் போகுமென்று
முதுகைத் திருப்பிக் கொடுப்பார்கள்.
அடித்தேன்.
வேஷத்துக்கு மேலே அடித்தேன்.
கமிட்டிக்காரர் மைக்கில் "போதும், போதும்" என்றார்.
துடைப்பம் குச்சிகுச்சியாக உதிர்ந்தபோது
என் புருஷனில் ஒரு சுண்டுவிரல்கூட மிச்சமில்லை.

ராத்திரி, கொல்லைப்புறம்.
மாதம்மா வெந்நீர் ஊற்றினாள்,
முட்டியில் காய்ந்த மண்ணைத் தேங்காய்நாரால் தேய்த்தாள்.
ரொம்ப நேரம் பேச்சில்லை.
பிறகு,
"அந்த முத்துக் கதை நெசமா?"
நெசந்தான் என்றேன்.
சொம்பு அண்டாவுக்குள் அப்படியே மிதந்தது.

"அவளுக்கு அது ஒண்ணு போதுமா இருந்துச்சா?"

அடுத்த சொம்புக்கு
முதுகைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன்.