எண் இல்லாத பெட்டி

தயாமணி அக்காவிடம் ஐம்பதாயிரம் சீட்டை
நாலாயிரத்து ஐந்நூறு தள்ளி எடுத்தேன்.
மிச்சம் நாற்பத்தைந்தரை.
கணக்குப் போட்ட தாள்
யார்டில் பெட்டி எண் குறிக்கும் டேலி ஷீட்டின் பின்பக்கம்.

பிராசசர் என்று எழுதி
எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.
ஹாரூன் பார்த்துவிட்டு
"ஆறு கோர் போதும்டா, எட்டு வாங்கி
துறைமுகத்தையா ஓட்டப் போற?" என்றான்.
அடித்தேன். திருத்தினேன். ஆயிரத்து எழுநூறு மிச்சம்.

அந்த ஆயிரத்து எழுநூறு
பவர் சப்ளைக்குப் போனது.
எல்லோரும் கைவைக்கிற இடம் அதுதான்,
மலிவாக ஒன்றைச் சொருகிவிட்டு
ஆட்டத்துக்குப் பணத்தை மாற்றுவார்கள்.
எங்கள் தெருவில் ஏழு மணிக்கு பல்பு மஞ்சளாகும்,
ஒன்பதுக்கு ஃபேன் கழன்று பறக்கப் பார்க்கும்.
போன வருஷம் பக்கத்து வீட்டு பிரிட்ஜ்,
அதற்கு முன் எங்கள் செட்டாப் பாக்ஸ்.
நல்லதாகவே போடு என்றேன்.

கண்ணாடிக் கதவு, நிறம் மாறும் விசிறி
ஆயிரத்து எண்ணூறு கூட.
வேண்டாம்.
ஜன்னலில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி
ராத்திரி முழுக்க சிவப்பாக
விட்டு விட்டு எரிகிறது, காசு கேட்காமல்.

ரிச்சி தெரு கடைக்காரர் கேட்டார்,
"வைக்கிற ரூம் ஏசியா?"
"எண்ணூர், கடல் பக்கம்."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வாரண்டி அட்டையைத் திருப்பி
பொடி எழுத்தில் ஒரு வரியை விரலால் தொட்டார்.
துருவுக்கு நாங்கள் பொறுப்பல்ல.
கேட்டின் கீல், சைக்கிள் செயின்,
அம்மாவின் சேஃப்டி பின் வரைக்கும்
யாரும் பொறுப்பேற்காத ஊர்தான், தெரியும்.

அதனால்
வெளிநாட்டுச் சரக்கு இறங்கிய பெட்டிகளில்
ஈரம் உறிஞ்சத் தொங்கவிட்டு
குப்பையில் எறிகிற பொட்டலங்களை
மூன்று வாரம் சேர்த்தேன்.
இதற்கு மட்டும் தாளில் விலை இல்லை.

கிராபிக்ஸ் கார்டு பழையதுதான்.
பெரம்பூர் லோகோ பக்கம் ஒரு பையன்,
பரீட்சை என்று விற்கிறான், பதினொன்றரை.
ஓட்டிக் காட்டு என்றேன். காட்டினான், காட்டினான்,
காட்டிக்கொண்டே இருந்தான்.
அது சோதனை இல்லை, கடைசி ஆட்டம் என்று
அரைமணி கழித்துத்தான் உறைத்தது.
வாசலில் அவன் அம்மா
"எடுத்துட்டுப் போயிடு தம்பி,
திரும்பி வந்து கேட்டாலும் குடுத்துடாத."
அட்டையை ஹெல்மெட்டுக்குள் வைத்து
மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.
அவன் மாடியிலிருந்து பார்க்கவில்லை.
நான்தான் பார்த்தேன்.

வீட்டில் இடம் பார்க்கும்போது
புயல் வெள்ளம் விட்டுப்போன எண்ணெய்க் கோடு,
ரெண்டு முறை வெள்ளையடித்தும்
முழங்கால் உயரத்தில் அப்படியே.
மேஜைக்கு அடியில் காலுக்கு ரெண்டு ஹாலோ பிளாக்.
கோட்டுக்கு ஒரு சாண் மேலே வந்தது பெட்டி.
அம்மா அளந்து பார்த்துவிட்டு
இன்னொன்று வை என்றாள்.

மானிட்டருக்குக் காசு இல்லை. வீட்டு டிவிதான்.
சீரியல்கள் முடிந்து பத்தரைக்கு மேல் எனக்கு.

முதல் ராத்திரி பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடியும்.
நாற்பத்தைந்தரை என்று வயிறு சொன்னது.
ஹாரூன் பின்னால் கைவிட்டு
ஒரு குட்டி சுவிட்சைத் தட்டினான்.
விசிறி மூச்சுவிட்டது.
அடுத்த ஒரு மணி நேரம் எதைக் கேட்டாலும்
"சுவிட்ச் போட்டியா?" என்றான்.

ஆட்டம் திறந்தது ஒரு துறைமுகத்தில்.
பனி, கிரேன், அடுக்கடுக்காய்ப் பெட்டிகள்.
எண்ணெய் நாற்றம் இல்லாத கடல்.
யாரோ சுடுகிறார்கள்.
ஓடிப்போய் ஒரு நீலப் பெட்டிக்குப் பின்னால்
பதுங்கினேன்,
பழக்கத்தில் கதவைப் பார்த்தேன்.
எண் இல்லை. சீல் இல்லை.
அடுத்தது, அதற்கடுத்தது, ஒன்றிலும் இல்லை.
இதை எங்கள் கேட்டில் உள்ளேயே விடமாட்டோம்,
யார் கையெழுத்துப் போட்டது என்று
நடுரோட்டில் நின்று தேடிக்கொண்டிருக்கையில்
செத்துப்போனேன்.

"என்னடா பண்ணிட்டிருந்த?" என்றான் ஹாரூன்.
"டியூட்டி" என்றேன்.