வெட்டு உத்தரவு

என் படிவத்தில் பத்துக் கட்டங்கள்.
சர்வே எண், ரகம், நட்ட தேதி,
சாற்றின் பிரிக்ஸ், எலிச் சேதம், லாரி எண்...
அவளுக்கென்று ஒன்றும் இல்லை.

கெடிலத்தின் தென்கரை.
மாசிலாமணியின் ரெண்டே முக்கால் ஏக்கர்.
ஐந்தாம் மாதம், கரும்பு ஆளை மறைத்தபோது
வந்து சேர்ந்தாள்.
முதலில் கண்டது தடம்தான்:
வாய்க்கால் சேற்றில் நாலு விரல், நகம் இல்லை.
முன்கால் பதிந்த குழியிலேயே
பின்காலையும் வைத்துப் போயிருந்தாள்,
இரண்டே கால் உள்ளவள் மாதிரி.

பிறகு எச்சம்.
காய்ந்ததைக் குச்சியால் பிரித்தேன்:
எலி மயிர், மஞ்சளாக ஒரு வெட்டுப்பல்,
கொக்கிறகின் தண்டு.

பிறகு அவள்.
மாலை ஐந்தே முக்கால். வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.
வீட்டுப் பூனைக்குக் கால் இத்தனை நீளமில்லை,
வால் இத்தனை குட்டையில்லை.
தவிட்டு நிறம். வால் நுனியில் கறுப்பு வளையங்கள்.
காது முனையில் ஒரு சிட்டிகைக் கருமயிர்.
அவள் திரும்பவில்லை,
ஒரு காது மட்டும் என்னைப் பார்த்தது.
மறு காது, சோகைக்கு அடியில்
ஓர் எலி கரும்பைக் கொறிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.
நேராக மேலே எழும்பினாள்,
நடுவானில் வளைந்தாள்,
முன்கால் இரண்டையும் சேர்த்து விழுந்தாள்.
எலிக்குக் கத்த நேரமில்லை.

அன்றிரவே ஊர் வாட்ஸ்அப்பில்
'சிறுத்தை நடமாட்டம். பிள்ளைகள் பத்திரம்.'
கூடவே எந்த மாநிலத்துச் சிறுத்தையோ, படம்.
வனக்காவலர் குலோத்துங்கன் மொபெட்டில் வந்தார்.
தடத்தின் மேல் தீப்பெட்டியை வைத்தார்.
தீப்பெட்டி தடத்தை மூடிவிட்டது.
"இத்துனூண்டு காலை வெச்சிக்கிட்டு
சிறுத்தை எங்க போகும்?" என்றார்.
டீ கேட்டார்.

வெருகு என்பது பழம்பெயர்.
நாங்கள் காட்டுப்பூனை என்போம்.
காடு எங்கே என்று கேட்டால்
கரும்பைத்தான் காட்ட வேண்டும்.
பன்னிரண்டு மாதக் காடு.
என் கையெழுத்தில் முடிகிற காடு.

மாசியில் பிரிக்ஸ் இருபதைத் தொட்டது.
உத்தரவு போட்டேன்.
வேதவல்லி மேஸ்திரியின் ஆட்கள் பதினாலு பேர்
கிழக்கிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள்.
ஏழாம் நாள் மதியம் கத்திகள் நின்றன.

சோகை மெத்தையில் நாலு குட்டிகள்.
கண் திறந்து ரெண்டு நாள் இருக்கலாம்.
தாய்க்கு இல்லாத வரிகள் உடம்பெல்லாம்,
வளர வளர மங்கிவிடும்.
"அநாதைக் குட்டிங்க, நான் வளக்கறேன்" என்று
ஒரு பையன் சட்டையைக் கழற்றினான்.
வேதவல்லி கத்தியைத் தரையில் குத்தினாள்.
"அநாதைன்னு உனக்கு யாரு சொன்னா?
எம்புள்ளயும் அதோ அந்த வேப்பமரத்தடியிலதான் கெடக்குது.
தூக்கிட்டுப் போயிடுவியா?"

ஆறு பார் மிச்சம் விட்டார்கள்.
ஆலையிலிருந்து போன் வந்தது.
லாரி பஞ்சர் என்றேன்.
பஞ்சர் என்றே எழுதியும் வைத்தேன்.

மோட்டார் கொட்டகை மேல் படுத்திருந்தேன்.
எட்டேகாலுக்கு வந்தாள்.
பிடரியில் கவ்வியதும்
குட்டி கைகால் மடக்கித் துணிப்பை மாதிரி தொங்கியது.
வெட்டிய கட்டைகளுக்கு நடுவே
மறைவே இல்லாத அறுபது அடி,
பிறகு ஆற்றுக் கோரை.
நாலு நடை.
ஐந்தாவது முறையும் வந்தாள்.
காலிப் படுக்கையை மோந்தாள், சுற்றி வந்தாள், மறுபடி மோந்தாள்.
எண்ணத் தெரியாதவளுக்கு
இதுதான் கணக்கு.
போகும்போது கடைசிப் பார்க் கரும்புக்கு
முதுகு காட்டி, வாலைத் தூக்கிப் பீய்ச்சினாள்.
காலையில் அந்த இடம் என் மூக்கில் ஏறியது.

நூற்றியிரண்டு டன்.
எலிச் சேதம் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

எதிர்ப்புறம், தைப்பட்டத்துக் கரும்பு
முழங்கால் உயரம்தான்.
அதற்குள் அவள் மறைய
இன்னும் மூன்று மாதம் ஆகும்.