வரிசை

கட்டணம் இருநூறு ஃபோரிண்ட்.
புடாபெஸ்டில், டிராம் நிறுத்தத்துக்கு அடியில்,
பூக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே
என் கழிப்பறை.
என்னுடையது என்றா சொன்னேன்?
துடைப்பம் என்னுடையது. ரப்பர் கையுறை என்னுடையது.
வாசலில் சுழலும் கம்பியும் அதன் மீட்டரும்
மாநகராட்சியுடையவை.
எத்தனை பேர் என்று அது சொல்லும்.
எவ்வளவு காசு என்று நான் சொல்ல வேண்டும்.

ஒத்துப்போகாது. நாளுக்கு மூன்று கூடும்.
அந்த மூன்றும் எடெல்கா.

"கம்பி பழசு, ஒருவருக்கே இரண்டு தரம் சுற்றுகிறது"
என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
நம்பவில்லை. சம்பளத்தில் பிடிக்கிறான்.

காலை ஒரு தரம், மதியம் ஒரு தரம்,
இரவு பத்தரைக்கு ஷட்டர் இறங்குமுன் ஒரு தரம்.
பிற்பகல் மூன்றுக்கே அவள் தண்ணீரை நிறுத்திவிடுவாள்.
"உனக்குத் தாகம் எத்தனை மணிக்கு?" என்று
ஒருநாள் கேட்டாள்.
இப்படியும் ஒரு கேள்வி இருக்கும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

பொது இடத்தில் நிற்கலாம். உட்காரலாம்.
யாருக்காகவாவது காத்திருக்கலாம்.
வசிக்கக் கூடாது.
அது குற்றம்.
மூன்று எச்சரிக்கை, நான்காவதற்குக் கைது.

எடெல்காவுக்கு மூன்றும் ஆகிவிட்டன.
முதலாவது, படுத்திருந்ததற்கு.
இரண்டாவது, பையைத் தலைக்கு வைத்ததற்கு.
மூன்றாவது,
குழாயடியில் பல் தேய்த்ததற்கு.
டிராமுக்கு நிற்பவள் பல் தேய்க்க மாட்டாளாம்.

ஜனவரி. மேலே மைனஸ் ஒன்பது.
பூட்டிவிட்டு பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன்.
ஷட்டரின் அடியிடுக்கில் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் காற்று வரும்,
என் ப்ளீச் வாசனையோடு.
அவள் அதற்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள்.

போலீஸ்காரன் வந்தான். சின்னப் பையன்.
நெஞ்சில் சோங்கோர் என்று எழுதியிருந்தது.
"இங்கே என்ன செய்கிறாய்?"
"வரிசையில் நிற்கிறேன்."
"மூடியாயிற்றே."
"திறப்பார்கள்."
"காலை ஆறுக்கு."
"அப்படியானால் முதல் ஆள் நான்தான்."

அவன் நோட்டை எடுத்தான்.

அட்டைப்பெட்டி பொறுக்கும் பர்னபாஷ்
எங்கிருந்து வந்தானோ,
தள்ளுவண்டியை ஓரங்கட்டிவிட்டு
அவள் பின்னால் போய் நின்றான்.
பிறகு ஒரு கல்லூரிப் பெண், சக்கரப் பெட்டியோடு.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
"கடைசி ஆள் நீங்களா?" என்று கேட்டு நின்றுகொண்டாள்.
நானும் நின்றேன்.
சாவி என் கோட்டுப் பையில் இருந்தது.

ஒருவர் நின்றால் வசிக்கிறார்.
நாலு பேர் நின்றால் வரிசை.
சட்டத்தில் இதற்கு எந்தப் பத்தி என்று
அவனுக்கும் தெரியவில்லை.
பேனா குளிரில் எழுதவில்லை. உதறினான்.
கால் மாற்றி நின்றான்.
மறுபடி மாற்றினான்.

இருபத்திரண்டு வருடம் இந்த வாசலில் உட்கார்ந்தவளுக்கு
அந்தக் கால்மாற்றம் புரியாதா?

"தம்பி," என்றேன், "எவ்வளவு நேரமாக?"
காது சிவந்தது. "நாலு மணியிலிருந்து."
"வரிசை இருக்கிறது," என்றாள் எடெல்கா.

ஷட்டரை ஏற்றினேன்.
உள்ளே ஒரே ஓர் அறைதான் வேலை செய்கிறது.
அவள் அவசரமே படவில்லை.
வெந்நீரில் முகம் கழுவினாள். பல்லும் தேய்த்தாள்,
கடைவாய் வரைக்கும், நிதானமாக.
பர்னபாஷ் போனான். பெட்டிக்காரப் பெண் போனாள்.
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
அவன் தன் முறைக்குக் காத்திருந்தான்.

அன்று மீட்டரில் நாலு கூடியது.
காசு இரண்டு பேருக்கு.
நாலாவது தாள் எழுதப்படவில்லை.

மறுநாள் இரவு வேறொருவன் வந்தான்.
அவனுக்கு அவசரம் எதுவும் இல்லை.