இரண்டாம் பால்

பால் பதத்துக்குக் கரைக்கவும் என்கிறது
மடிப்புத் தாளில் ஒற்றை வரி.
எந்தப் பால் என்று சொல்லவில்லை.

தேங்காய்ப்பூவில் முதலில் பிழிவது
அகப்பையின் முதுகைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.
பிரைமர் அப்படி இருந்தால் ஊசிமுனை அடைக்கும்,
இரண்டு தரம் துப்பும், பிறகு ஒன்றும் வராது.
மூன்றாம் பால் கழுவிய தண்ணீர்,
பிளாஸ்டிக்கில் நில்லாமல் ஓடிக்
கீழ் விளிம்பில் முத்து முத்தாய்த் தொங்கும்.
எனக்கு வேண்டியது இரண்டாம் பால்.
கோப்பைச் சுவரில் ஏற்றிவிட்டால்
ஒரு மூச்சு நின்று இறங்க வேண்டும்,
மெல்லிய நிழலொன்றைப் பின்னால் விட்டு.

இதைப் பிடிக்க இருபத்தேழு கரண்டி சாம்பலாயின,
புரியாணிப் பார்சலோடு வரும் வெள்ளைக் கரண்டிகள்.
ஆமர் வீதி ஹார்ட்வெயாரில் வாங்கிய தின்னர்
பெயருக்கு ஏற்றபடி
முதல் கரண்டியின் முகத்தைத் தின்றது.

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
யாருடையதோ வாய்க்குள் போகும் நிறத்தை
பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பூசுவேன்.
ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டால் வேலை சரி.
இரவில் ஓர் இழுவைப் படகு,
எழுபத்திரண்டில் ஒன்று.
சன்னலால் பார்த்தால் துறைமுகத்தில் அசல் நிற்கிறது,
அதைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.
என்னுடையதை மறைக்க முடியாது,
சாப்பாட்டு மேசையில் பாதி அதுதான்.

மேல்வீட்டு ஃபரீனா கதவைத் தட்டியது செவ்வாய்.
"கோவிக்காதீங்க மர்சலின், வாடை மேல வருது.
சின்னவனுக்கு இழுக்குது."
கம்ப்ரசரை மொட்டை மாடிக்குத் தூக்கினேன்.
நாற்பத்தெட்டுப் படி.

மாடியில் வேறு கணக்கு.
நாலு மணி வெயில், முகத்துவாரத்துக் காற்று.
கீழே பாலாய் இருந்த அதே கலவை
இங்கே நாலு விரல் தாண்டுமுன்
நடுவழியில் காய்ந்து மாவாகிறது.
படகின் வயிற்றில் விரலை வைத்தேன்:
பூனை நாக்கு.
அழுத்தத்தைக் குறைத்தேன். கிட்டப் பிடித்தேன்.
காய்தலைத் தாமதப்படுத்தும் திரவம் ஆறு துளி,
பிறகு இன்னும் நாலு.
அப்போதுதான் நிமிர்ந்தேன்.

கொடியில், காற்று போகும் வழியில்,
ஃபரீனாவின் மூத்தவனுடைய பள்ளிக்கூடச் சட்டை.
தோளிலிருந்து முதுகுவரை
என் சாம்பல்.

உதறினேன்.
போயிற்று.
காய்ந்தே வந்ததால் பிடிக்கவில்லை.
தூசாய் எழும்பி, வெயிலில் கொஞ்சம் தெரிந்து,
செட்டியார் தெருப் பக்கம் போய்விட்டது.
சரியாய்க் கரைத்திருந்தால்
படகு பிழைத்திருக்கும்,
சட்டை போயிருக்கும்.

அன்றிரவு தண்ணீர் தொட்டுத் தொட்டு
ஆயிரத்து இருநூறாம் உப்புத்தாளால்
படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
மேலே சின்னவன் இருமவில்லை.
இருமுகிறானா என்று
இடைக்கிடை தாளை நிறுத்திக் கேட்டேன்.

காலையில் மூத்தவன் எனக்கு முன்னால் படி இறங்கினான்,
பை ஒரு தோளில்.
அவன் முதுகைப் பார்த்தபடியே இறங்கினேன்.
காலருக்குக் கீழே ஒரு புள்ளி.
பேனை மையாகவும் இருக்கலாம்.
கூப்பிட்டேன். திரும்பினான்.
"ஒண்டுமில்ல, பை சிப் திறந்திருக்கு" என்றேன்.
மூடித்தான் இருந்தது.
அவன் அதைத் திறந்து
மறுபடி மூடினான்.