உள்ளே மடித்தது

தேக்கா மாடியில், புடவைக் கடைகள் ஓய்ந்து
கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் தொடங்கும் மூலையில்
என் தையல் மெஷின்.
கால்சட்டை குறைக்க ஆறு வெள்ளி. ஜிப் மாற்ற எட்டு.
பலகையில் விலை எழுதியிராத ஒரு வேலையை
மேடம் சியா கெக் சூ
சிவப்புப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தாள்.

கருநீலப் பட்டில் நீள அங்கி.
பாக்கெட் கிடையாது; போகிறவர் வீட்டுக் காசை
எடுத்துப் போய்விடக் கூடாதாம்.
பொத்தான் கிடையாது, நாடாக்கள்தான்.
முதுகு முழுக்க ஒரு கொக்கு,
இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல்வரை இறக்கை விரித்து,
உச்சந்தலையில் சிவப்பு நூல் வட்டம்.
"உன்ன மாதிரியே பொட்டு, ஆ மணி," என்றாள்.
என் பெயர் தவமணி. அவள் வாயில் அது எப்போதும் பணம்.

யாருக்கு என்றேன்.
"எனக்குத்தான். செத்தப்புறம் போட."
மீன் எடை சொல்கிற குரல்;
ஜூரோங் துறைமுகத்தில் முப்பது வருஷம்
ஐஸ் தண்ணீரில் நின்றவள்.
முன்னதாகவே வாங்கிவைத்தால் ஆயுசு நீளும் என்று
அறுபதாவது வயதில் அளவெடுத்து வாங்கியது.
நடுவில் மருந்து பதினொரு கிலோ தின்றுவிட்டது.
"தொளதொளன்னு போனா அங்க என்ன நினைப்பாங்க?"

நான் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் பேச்சில் அதற்கு ஏது இவ்வளவு மரியாதை.
ஒற்றைக்காலில் நிற்கும் கள்ளத் தவசி.
அதன் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போகிறவன் முட்டாள்.
எங்களைக் கூட்டிப்போக வருவது எருமை, தெற்கே.
இவளுக்கு இது, மேற்கே.
ஆயிரம் வருஷம் வாழுமாம்.
அந்தக் காலத்து அரசவையில்
முதல் வரிசை அதிகாரி நெஞ்சில் மட்டும் உட்காருமாம்.
"அப்ப முன்னால வைக்காம முதுகுல ஏன்?"
"ஏறிப் போறவ மேல, அது கீழ.
படுத்துப் பாரு, புரியும்."

பக்கத்துக்கு இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும்.
சாக்கட்டியால் கோடு இழுத்தேன்.
இறக்கை நுனிகள் கோட்டுக்கு வெளியே விழுந்தன.
கத்தரியை எடுத்ததும் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"சாயாப் ஜாங்ஙான் போத்தோங்."
இறக்கையை வெட்டாதே.
இருவருக்கும் பொதுவான எங்கள் ஓட்டை மலாயில்
அவ்வளவு சுத்தமான வாக்கியம்
அதற்குமுன் வந்ததில்லை.

அந்தப் பிடியில்தான் அவள் நகங்களைப் பார்த்தேன்.
குறுக்கே வெள்ளைக் கோடுகள்,
ஒவ்வொரு மருந்துச் சுற்றுக்கும் ஒன்று.
செம்பவாங்கில் பிள்ளைகளாய் இருந்தபோது
கொக்குக் கூட்டம் போனால் கை நீட்டி
நகத்தில் பூ கேட்போம்;
வெள்ளைப் புள்ளி விழுந்தால் கொக்கு போட்டது.
சொன்னேன்.
பத்து விரலையும் விரித்துப் பார்த்து,
"எனக்கு ரொம்பவே போட்டிருக்கு," என்று சிரித்தாள்.

வெட்டவில்லை. உள்ளே மடித்தேன்.
முடிச்சும் போடக் கூடாது; போகிற வழியை மறிக்குமாம்.
நூல் முனையைத் தையலுக்குள்ளேயே திரும்ப ஓட்டி ஒளித்தேன்.
பன்னிரண்டு வெள்ளி கேட்டேன்.
"ஒரே தடவ போடறதுக்கா?"
எட்டுக்கு முடிந்தது.

சீனப் புத்தாண்டு போய்
ஆரஞ்சுப் பழம் மலிந்து கிடந்த வாரம்
அதே சிவப்புப் பை.
கீழே வாங்கிய வடையின் எண்ணெய் உதட்டில்.
"ஆ மணி, இறுக்குது."
டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கன்னம் கொஞ்சம் சொன்னது.

பிரித்தேன். முடிச்சில்லாத நூல், இழுத்ததும் வந்துவிட்டது.
உள்ளே கிடந்த இறகுகள்
மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தன,
என் கண்ணுக்கோ என்னவோ.
மடிப்பின் கோடு மட்டும் தேய்த்தும் போகவில்லை,
இறக்கைக்கு மூட்டு இருக்க வேண்டிய இடத்தில்.

"இதுக்கு எவ்வளவு?"
"பன்னிரண்டு."
பையோடு இரண்டடி நடந்தாள், திரும்பினாள்,
பத்து வெள்ளித் தாளை மெஷின்மேல் வைத்தாள்.
"மிச்சம் அடுத்த தடவ."

பாக்கி நோட்டில் எழுதினேன்: சியா, இரண்டு வெள்ளி.
தேதி போடவில்லை.