அச்சேறாத வரி

முதல் தடவை வந்தபோது
கிர்ஸ்டன் ஓயாலாவின் காலணியில்
சாலை உப்பு அப்பியிருந்தது.
டுலூத்தில் ஜனவரி. ஏரி பாதி உறைந்து
பாதி புகைந்துகொண்டிருந்தது.
ஐந்நூறு அட்டை வேண்டும் என்றாள்.
ஓர் ஓரத்தில் இசைக்குறி, மறு ஓரத்தில் பட்டாம்பூச்சி.
பட்டாம்பூச்சி வேண்டாமே என்றேன்.
பல் வைத்தியர், யோகா வகுப்பு, ஈமச்சடங்குக் கம்பெனி,
மூவருக்கும் அதைத்தான் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.
அவள் சிரிக்கவில்லை.
பட்டாம்பூச்சி இருந்தது.

'இசை சிகிச்சை' என்று பார்த்து அழைத்தவர்கள் நாலு பேர்.
பையனுக்குப் பியானோ கற்றுத் தருவீர்களா,
கல்யாணத்துக்கு வாசிப்பீர்களா,
ஸ்பீக்கர் இரைகிறது, ரிப்பேர் பார்ப்பீர்களா.
நாலாவது ராங் நம்பர்.
அவரோடுதான் அதிக நேரம் பேசினாளாம்.

மார்ச்சில் மடிப்புத்தாளோடு வந்தாள்.
பக்கவாதம், மறதி நோய், பேச்சு வராத குழந்தை,
குறைமாதச் சிசுவின் மூச்சு,
எறும்புச்சாரையாய் எழுத்து.
இதைப் படித்து முடிப்பதற்குள்
ஆள் தானாகவே குணமாகிவிடுவார் என்றேன்.
'குணம்' போடக்கூடாது என்றாள்.
'குணமாகும்' இல்லை. 'உதவக்கூடும்'.
முப்பது வருடமாக விளம்பரம் அடிக்கிறேன்,
இவ்வளவு விலை போகாத வினைச்சொல்லைப் பார்த்ததில்லை.
கூடும்.

டோனட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள்.
நர்ஸுகள் டோனட்டைத் தின்றார்கள்.
முதியோர் இல்லத்து மேலாளர் புர்கார்ட்
எங்களிடம் ஏற்கெனவே ரேடியோ இருக்கிறது என்றாராம்.
அன்று என் கடை வாசலில்
எஞ்சினை அணைக்காமல் அரைமணி உட்கார்ந்திருந்தாள்.
நான் வெளியே போகவில்லை.
எனக்கு வேலை இருந்தது,
அல்லது கைகளுக்கு அப்படிச் சொல்லிவைத்தேன்.

யாராவது சாட்சி சொல்லட்டுமே என்றேன் பிறகு.
ஒரு வரி போதும். நிஜப் பெயர், நிஜ முகம்.
முடியாது.
காதும் காதும் வைத்தாற்போல் செய்கிற தொழில்.
ஆனாலும் கவுன்ட்டரில் முழங்கை ஊன்றி
பெயர் இல்லாமல், தெரு இல்லாமல்
ஒருத்தர் என்று மட்டும் சொன்னாள்.
பல மாதமாக வெறும் 'ம்'.
நேற்று பாட்டை நடுவில் நிறுத்தினேன், வேண்டுமென்றே.
அடுத்த சொல்லை அந்த ஒருத்தர் போட்டார்.

என்ன சொல்?
சொல்லக்கூடாது.

புதிய அட்டையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.
காலி இடத்துக்கும் காகிதம் செலவாகும்,
கணக்கில் எழுதவில்லை.
பெயர், நம்பர், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு.
கட்டணத்தை ஆறு புள்ளியில் போடச் சொன்னாள்.
அது விலை இல்லை, மன்னிப்பு என்றேன்.
பதினாலில் போட்டேன்.
வெகுநேரம் பார்த்தாள், வேறு யாருடைய மெடிக்கல் ரிப்போர்ட்டையோ பார்ப்பதுபோல.

ஜூனில் ஒருவர் வந்தார்,
வீட்டுச் சாமான் விற்பனைக்கு நோட்டீஸ் அடிக்க.
கவுன்ட்டரில் கிடந்த அட்டையை எடுத்து,
அட, இந்தப் பெண்ணா!
பனி அள்ளுகிற ஆள் என்று நினைத்துக் கூப்பிட்டேன் ஜனவரியில்.
இருபது நிமிடம் பேசினாள்.
வாசலில் பனி அப்படியே கிடந்தது.
நம்பரை அழிக்கவில்லை.
இப்போது வியாழன்தோறும் போகிறோம்.
'போகிறோம்' என்றார்.
இன்னொருவர் யார் என்று நான் கேட்கவில்லை.
கட்டில், ஏணி, மீன்பிடித் தூண்டில் மூன்று, அக்கார்டியன்.
பட்டியலைத் திரும்ப வாசித்தார்.
அக்கார்டியனை மட்டும் அடித்துவிடுங்கள் என்றார்.

ஆகஸ்டில் கிர்ஸ்டன் வந்தாள். இன்னும் ஐந்நூறு.
கட்டணத்தில் ஐந்து டாலர் கூட்டியிருந்தாள்,
அதே பதினாலு புள்ளியில்.
எது வேலை செய்தது என்று தெரியவில்லை என்றாள்,
அட்டையா, டோனட்டா,
உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

சொல்லக்கூடாது என்றேன்.

அந்தச் சிரிப்பு பட்டாம்பூச்சிக்கே வந்திருக்க வேண்டியது,
ஏழு மாதம் தாமதம்.