ஒழுங்கின்மை பற்றி ஒரு குறிப்பு

உப்புக்கல்லில் பாதிதான் இருக்கும்.
எண்ணெய்த் துளிக்குள் அமிழ்த்தித்தான் எடுக்கவேண்டும்.
கொழும்புக் காற்றில் சும்மா விட்டால்
பளிங்கு வெள்ளை மாவாய்ப் போகும்.
போன கிழமை நுஸ்ரத் தும்மினாள்,
மூன்று மாத வேலை பறந்தது.

நான்கு நாகம், நடுவில் ஓர் ஒட்சிசன்: அது கணு.
கணுவுக்குக் கணு நீளும் கைகளில்
பென்சீன் வளையங்கள்.
மிச்சமெல்லாம் வெறும் வெளி.
பாடப்புத்தகத்தில் இதை அடிமட்டம் வைத்துக் கீறியிருப்பார்கள்.

திரையில் வந்தது வேறு.
அணு இருக்கவேண்டிய இடமெல்லாம்
பலாக்கொட்டை பலாக்கொட்டையாய் வீக்கம்.
இங்கே என்று இல்லை,
இதற்குள் எங்கேயோ என்று.
நித்திரை வராத ஆள் பாயில் புரள்வதுபோல
வளையங்கள் தம் அச்சில் புரள்கின்றன,
நொடிக்குப் பல இலட்சம் தடவை.
சட்டகம் அசையாது என்று நாங்கள்தான் எழுதுகிறோம்.

மென்பொருள் சிவப்பில் கேட்கிறது:
இந்த அணு ஏன் இவ்வளவு பெரிது?
விளக்கம் தருக.

துளைகளுக்குள் கரைப்பான் மூலக்கூறுகள்.
ஒன்றையும் ஓரிடத்தில் பிடிக்க முடியவில்லை.
அதற்கென்று ஒரு கட்டளை உண்டு:
அடையாளம் காணாதவற்றை மொத்தமாய்க் கழித்து
எண்ணிக்கையை மட்டும் அடிக்குறிப்பில் போடும்.
நூற்றுப்பதினெட்டு இலத்திரன்கள்.
பெயரில்லை. இடமில்லை.
பொத்தானை அழுத்துமுன் என் விரல் கொஞ்சம் நின்றது.
நுஸ்ரத் பார்த்தாள். கேட்கவில்லை.

இது அசைவா,
அல்லது இருப்பே இரண்டாய்க் கிடக்கிறதா?
சூட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.
நாரஹேன்பிட்டியிலிருந்து முச்சக்கரவண்டியில்
திரவ நைதரசன் வந்தது,
உபுல் அதை மடியில் அணைத்திருக்க,
மூடியால் புகை கசிய,
சாரதி ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி.
வெளியே முப்பத்திரண்டு பாகை.
ஊசிமுனையில் மட்டும்
பூச்சியத்துக்குக் கீழே நூற்று எழுபது.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, நின்றது, இருமியது.
திரும்பவும் முதலிலிருந்து.

விடியப் பார்த்தோம்.
நாகம் சுருங்கிக் கடுகாகியிருந்தது.
இரண்டு வளையங்கள் அடங்கிவிட்டன.
மூன்றாவது அடங்கவில்லை, பிளந்தது:
ஐம்பத்துமூன்று வீதம் இப்படி,
நாற்பத்தேழு வீதம் அப்படி.
அசைவில்லை இது.
ஒரு கூட்டில் இப்படித் திரும்பியிருக்கிறது,
பக்கத்துக் கூட்டில் அப்படி.
கோடிக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து
ஒரே படமாய் எடுத்தால்
ஒருவர் இரண்டிடத்தில் நிற்பார்.
உறைந்தபிறகும்.

பம்பலப்பிட்டியில் ரயில் ஏறி
வெள்ளவத்தையில் இறங்கினேன்.
கதவிடுக்கில் அறைச் சொந்தக்காரர்
பொலிஸ் பதிவுப் படிவம் செருகியிருந்தார்.
தற்காலிக முகவரியில் ஒழுங்கை என்று எழுதப்போன கை
ஒழுங்கின்மை என்று ஓடிவிட்டது.
வெட்டித் திருத்தினேன்.
நிரந்தர முகவரிக்கு ஒரே ஒரு கோடு.
ஏழு வருடம் இங்கே. மற்றது மாங்குளம்.
வீதம் போட இடம் விடவில்லை.

பின்னேரம் மென்பொருளுக்குப் பதில் எழுதினேன்:
அணுவில் பிழையில்லை. அளந்ததிலும் பிழையில்லை.
அது இரண்டு இடத்தில் இருக்கிறது.

சிவப்பு அணையவில்லை.
அப்படியே அனுப்புவோம் என்றாள் நுஸ்ரத்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு,
பளிங்குக்கு எட்ட நின்று.